மூழ்கிய கப்பலின் மேல்மாடி

நான்காம் குறுக்குத் தெருவில்
நூகுலெவ்வை ஹாஜியாரின் வெங்காயக் கிட்டங்கி.
தீக்காப்புறுதிக்கு மதிப்பிட
என்னை அனுப்பியிருந்தார்கள்.
சுவர்: செங்கல், சுண்ணாம்பு. கூரை: மங்களூர் ஓடு.
மேல்மாடி: மரம்
என்று எழுதிவிட்டு நிமிர்ந்தேன்.
உத்திரத்தில் எண்கள்.

உளியால் வெட்டித் தார் அடைத்தவை.
கட்டடத்துக்கு எவரும் அப்படி வெட்டுவதில்லை.
பக்கத்தில் நிறை: தொண்ணூற்றாறு தொன்.
கிட்டங்கிக்கு ஏது தொன்?

துறைமுகக் கந்தோரில் மறுநாள்
கறையான் மிச்சம் வைத்த பதிவேட்டை
விசிறிக்குக் கீழே விரிக்காதே என்றார் பத்மசிறி.
விசிறியை நிறுத்திவிட்டு
வியர்த்தபடி வாசித்தேன்.

சௌந்தரவல்லி. இரண்டு பாய்மரம்.
வேம்பும் இலுப்பையும். வல்வெட்டித்துறையில் கட்டியது.
முதல் ஓட்டம் அக்கியாப்புக்கு; அரிசியோடு திரும்பியது.
பிறகு தூத்துக்குடியும் கொழும்புமாய்
ஓடு, கருவாடு, உப்பு.
ஒருமுறை நாற்பத்திரண்டு ஆடுகள்,
இறக்கும்போது நாற்பத்தொன்று;
அதற்கு அபராதம் ஐந்து ரூபாய்.
நான்கு கை மாறினாள்.
நாலாவது கை, கழுத்துவரை கடன்.

கடைசிப் பதிவு ஒரு வரி:
1951 ஆனி, மன்னாருக்கு மேற்கே, சோளகத்தில்
முழு நஷ்டம்.

இணைத்திருந்த வாக்குமூலங்கள் எட்டு.
தண்டையல் அருளம்பலம் முதற்கொண்டு
எட்டுப் பேரும் ஒரே வாக்கியம் சொல்லியிருந்தார்கள்.
'கண்முன்னே தாழ்ந்தது' என்பதில்
எட்டு முறையும் ழகரம் பிழைத்திருந்தது.
எட்டுப் பெருவிரல்கள்.
ஒன்பதாவது, சமையற்காரன் சந்தியாப்பிள்ளை:
ஆள் அகப்படவில்லை.

திரும்பவும் கிட்டங்கிக்குப் போனேன்.
"வாப்பா வாங்கின பலகை" என்றார் ஹாஜியார்.
"முகத்துவாரத்தில் மலிவாய்க் கிடைச்சதாம்.
வண்டி ராவையில்தான் வந்ததாம்.
ஏன், உக்கியிருக்கா?"

உக்கவில்லை.
ஆணித் துளைகளில் வெங்காயச் சருகு.
வளைந்த பலகைகளை நிமிர்த்த முடியாமல்
வளைவோடே அடித்திருந்தார்கள்.
நடுத்தளத்தில் ஒரு தேசிக்காயை வைத்தேன்.
கொஞ்சம் யோசித்தது,
பிறகு வடக்குச் சுவருக்கு உருண்டது.
"எதைக் கொட்டினாலும் அந்தப் பக்கம்தான் ஐயா"
என்றான் மூட்டை இறக்கிய நாட்டாமி.
அந்தப் பக்கம் துறைமுகம்.

காசு கொடுத்த கம்பனி
எப்போதோ கடையைக் கட்டிவிட்டது.
வாங்கியவன் மகன் கனடாவில் இருக்கலாம்.
சந்தியாப்பிள்ளையைத்தான் தேடுகிறேன், இருந்த இடத்திலிருந்தே:
பொய் சொல்ல மாட்டேன் என்று போனானா,
பங்கு போதாதென்று போனானா,
அல்லது அன்றைக்கு உலையில் அரிசி இருந்ததால்
கூப்பிட்டது கேட்கவில்லையா?

படிவத்தில் ஒரு கேள்வி மிச்சம்.
முன்னர் ஏற்பட்ட சேதம், இருப்பின், விபரம்.
பேனையை மூடினேன். திறந்தேன்.
கீழே யாரோ செத்தல் மிளகாய்ச் சாக்கைப் பிரிக்க
இரண்டு தரம் தும்மினேன்.

'இல்லை' என்று எழுதினேன்.
அது உண்மையும்கூட.