பீரோக் கண்ணாடி

மூன்று நிமிடம், சொந்தக் குரல், பத்துப் படம்.
பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன்.
சூரமங்கலத்தில் எங்கள் பள்ளி,
பதினொன்றாம் வகுப்பு இ பிரிவு,
கணினி பதினாறு, ஓடுவது பதினொன்று,
பிள்ளைகள் முப்பத்தெட்டு.

முதல் வாரம் வந்தவை எல்லாம்
யாரோ எடுத்த சூரிய உதயங்கள்.
கோதுமை வயலில் ஓடும் பொன்முடிக் குழந்தை ஒன்று
நான்கு பேருடைய பால்யமாக இருந்தது.
'சேலத்துல கோதுமை எங்கடா வெளையுது?'
சிரித்தார்கள்.
அடுத்த வாரம் கோதுமை போய் மாந்தோப்பு வந்தது,
அதுவும் டவுன்லோடுதான்.

'அழகா இருக்கணும்னு யாரும் சொல்லல.
உங்க வீட்டுக் குழாயடி போதும்.'

தர்னீஷ் குரலுக்கு ஒரு செயலி வைத்திருந்தான்.
செய்தி வாசிப்பவர்போல் ஓர் ஆள்
'நான் ஆறாம் வகுப்பில் மாடியிலிருந்து விழுந்தபோது'
என்று கம்பீரமாகச் சொன்னார்.
ஏன்டா என்றால்
'என் குரல் ஒடஞ்சுகிட்டு இருக்கு மிஸ்.
பாதி வாக்கியத்துல வேற ஆளு பேசறான்.'
அதையே பதிவு செய் என்றேன்.
மூன்றாவது வரியில் கீச்சென்று ஏறி,
தடுக்கி, கீழே வந்து நிற்கிறது.
வகுப்பு சிரித்தது. அவனும்தான்.

ஒவ்வொரு பதிவிலும் ரயில்.
ஜங்ஷனுக்குள் நுழையும் எதுவோ ஒன்று
அம்மா என்ற சொல்லின்மேல் ஏறிப் போகிறது.
அழித்து அழித்துப் பேசிச் சலித்து
கடைசியில் எல்லாரும் ரயிலை விட்டுவிட்டார்கள்.

நிலோஃபரிடம் படமே இல்லை.
போன் அண்ணனுடையது, அண்ணன் ஓசூரில்.
ஸ்கேனர் மூடியைத் திறந்து
பழைய பஸ் பாஸ், காலி மாத்திரை அட்டை,
கழன்ற கொலுசுத் திருகு,
பிறகு தன் உள்ளங்கை.
விளக்கு நகரும்போது கையையும் நகர்த்தினாள்.
விரல்கள் புகைபோல் நீண்டு வந்தன.
'அப்போ இப்படித்தான் மிஸ் இருந்துச்சு.'
எப்போது என்று அவள் சொல்லவில்லை.
மதிப்பெண் தாளிலும் அதற்கு இடம் இல்லை.

மாதிரிக்கு என்று
நான் செய்து காட்டியது ஒன்று உண்டு.
அஸ்தம்பட்டி வாடகை வீடு,
மஞ்சள் சேலையில் நான், கையில் நியமன ஆணை.
'எனக்கு வேலை கிடைத்த நாள்.
அன்று வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன்' என்று
என் குரல் சொல்லும். பின்னால் வீணை, மெதுவாக.
படத்தை வெட்டக் கற்றுத் தந்ததும் அதில்தான்:
கட்டத்தை இழு,
தேவையில்லாததை வெளியே விடு, என்டர்.

பவதாரிணிக்குப் பெரிதாக்கிப் பார்க்கும் பழக்கம்.
நானூறு சதவீதத்தில்
என் தோளுக்குப் பின்னால் நின்றது பீரோ.
அதன் கண்ணாடியில்
கோடு போட்ட சட்டை, முகத்தை மறைத்த கேமரா,
மணிக்கட்டில் தொங்கும் பையில் பால் பாக்கெட்.

'மிஸ், அப்ப இந்தப் படத்த எடுத்தது?'

வெளிச்சம் அடிக்குது என்றேன்.
வெளிச்சத்துக்குப் பொத்தான்கள் இருந்தன.

எட்டு வருடமாக
ஆல்பத்தில் கத்திரி, போனில் விரல்,
ரேஷன் அட்டையில் பெயர் நீக்க மனு என்று
ஒவ்வொரு சட்டத்திலிருந்தும் வெளியே விட்டுக்கொண்டு வந்தவள்
பீரோவை மறந்துவிட்டேன்.
பாயசம் வைக்க அன்று பால் வாங்கி வந்தது
நினைவிலேயே இல்லை. இப்போது
வாய்க்குள் ஏலக்காய்.

பவதாரிணி யாரையும் கூப்பிடவில்லை.
நூறு சதவீதத்துக்குக் கொண்டுவந்தாள்.
கொஞ்ச நேரம் மவுஸை வெறுமனே நகர்த்தினாள்.
'மங்கலாக்கிடட்டுமா மிஸ்?
ரெண்டு நிமிஷ வேல.'

ரயில் ஒன்று வந்தது. ஈரோட்டுப் பக்கம் போவது,
நீளமானது, போய் முடிய நேரமாகும்.
அதற்குள் சொல்ல வேண்டியதைத் தேடினேன்.

'படம் அப்படியே இருக்கட்டும்.
குரலத்தான் மறுபடி எடுக்கணும்.
மைக்க இப்படிக் குடு.'

நான்காவது தடவையும்
'வீட்டில்' என்ற சொல்லோடு நின்றுபோனது.
பவதாரிணி எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள்.
ரயில் எப்போதோ போயிருந்தது.