விளக்கம் தேவை

இரவு பதினொன்று நாற்பது.
எத்திராஜின் நெஞ்சைத் திரையில் ஏற்றிவிட்டுக்
காத்திருக்கிறேன்.
ஆஞ்சியோ படம், ஆதார் நகல்,
வருமானச் சான்றில் சாய்ந்து விழுந்த முத்திரை.
எந்த ஊரிலோ எந்தக் கட்டடத்திலோ
நான் முகம் பார்த்திராத மருத்துவர்
கோப்பைத் திருப்பி அனுப்புகிறார்:
விளக்கம் தேவை.
நெஞ்சுவலி எப்போதிலிருந்து?

எப்போதிலிருந்து என்று
அவர் மனைவி செல்வராணியைக் கேட்கிறேன்.
"வலின்னு சொன்னதே இல்லம்மா.
வாயுன்னுதான் சொல்லுவாரு."
வாயு என்று அடிக்க
அந்தக் கட்டத்தில் இடமில்லை.

போன சித்திரையில்
வியாசர்பாடி ஷேர் ஆட்டோ ஸ்டாண்டில்
ஒரு குடை, ஒரு மேசை, நான்.
நாளுக்கு ஆறு ரூபாய், எல்லாரும் கட்டாயம் சேரவேண்டும் என்று
சங்கத்தில் தீர்மானம் கொண்டுவந்தார்கள்.
இதே எத்திராஜ்தான் எழுந்தார்.
"கட்டாயம்னா அது வரி.
இஷ்டம்னா அது சூதாட்டம்.
இதுல உன்னுது எது, சொல்லு."
ஸ்டாண்டே சிரித்தது. நானும்தான்.

"எனக்குத்தான் ஒண்ணும் இல்லியே,
நான் எதுக்குக் கட்டணும்?" என்றான்
ஹேண்டில்பாரில் சாய்ந்திருந்த ஒருவன்.
"ஒண்ணும் இல்லாதவன் கட்டினாத்தான்
எல்லாம் இருக்கிறவன் பொழைப்பான்" என்றார் தாவூது.
எல்லாம் என்றால்
சர்க்கரை, பிரஷர், ஆறாத கால் புண்.
தன்னுடையதைத்தான் விரல்விட்டு எண்ணினார்.
தீர்மானம் தோற்றது.
மிஞ்சிய படிவங்களில்
யாரோ பஜ்ஜி எண்ணெயைத் துடைத்தார்கள்.

என் சம்பளத்திலும் பிடிக்கிறார்கள், ஒன்பது வருடமாய்.
ஒருநாளும் படுத்ததில்லை.
சீட்டைப் பார்க்கையில் சில மாதம்
நலமாயிருப்பதே நஷ்டம்போலத் தோன்றும்.
சீ என்று மடித்து வைப்பேன்.

பன்னிரண்டே காலுக்கு அனுமதி வந்தது,
அரசு அட்டையில்,
கேட்டதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்.
ஸ்டென்ட்டுக்கு உண்டு.
அதற்கப்புறம் ஆயுசுக்கும் விழுங்கவேண்டிய
மாத்திரைக்கு இல்லை.
ஓடாத ஆட்டோவின் தவணைக்கு இல்லை.
செல்வராணி போனை எடுத்துப்
பெயர்களை மேலே தள்ளிக்கொண்டே போகிறாள்.
கட்டைவிரல் ஒரு பெயரில் நிற்கிறது,
யோசிக்கிறது,
தாண்டுகிறது.
இந்நேரத்துக்கு டிவியில்
கோட்டு போட்ட நான்கு பேர்
ஒரே சமயத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.
அனைவருக்கும் என்றார் ஒருவர்.
யார் காசில் என்றார் இன்னொருவர்.
வரவேற்பறை டிவிக்கு எப்போதும் சத்தம் வைப்பதில்லை.
உதடுகளை வைத்து நானாகச் சொல்கிறேன்.

விடிகாலை ஐந்தரை, புளியந்தோப்பு.
தெருமுனையில் தண்ணீர் லாரி.
தாகம் எப்போதிலிருந்து என்று
அதன் டிரைவர் யாரையும் கேட்டதில்லை.
கேட்காததால் எல்லாருக்கும் கிடைத்துவிடுவதும் இல்லை:
நாற்பதாவது குடத்துக்கு மேல் குழாய் இருமும்,
பிறகு சண்டை.

எனக்கு முன்னால்
ஆளில்லாத பச்சைக் குடம் ஒன்று.
யாருடையது என்று தெரியவில்லை.
வரிசை நகரும்போதெல்லாம்
பின்னால் நிற்பவள் கத்துகிறாள்,
"அதையும் தள்ளும்மா."
தூக்கக் கலக்கத்தில், முணுமுணுத்துக்கொண்டே,
காலால் தள்ளுகிறேன்,
என் குடத்துக்கு முன்னால்.