ஏழாவது வரி

புன்டா அரேனாஸில் காற்று மூர்க்கமாகும் நாட்களில்
தெருமுனைகளில் கயிறு கட்டிவிடுவார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
அன்று நான் ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டு போனேன்.
ஒன்பதரை லட்சம் பெசோ.
பேருந்தில் உதட்டுக்குள் சொன்னேன்,
ஜன்னலில் ஆவி படிந்தது,
துடைத்துவிட்டுத் திரும்பவும் சொன்னேன்.

"சொல்லிவிட்டு வாயை மூடு.
அடுத்து யார் பேசுகிறார்களோ அவர்கள்தான் தோற்பார்கள்"
என்றிருந்தாள் நெவென்கா.
பல் மருத்துவமனையில் வேலை பார்ப்பவள் என் தங்கை.
வாய்களைப் பற்றி அவளுக்குத் தெரியும்.

நண்டு உறையவைக்கும் ஆலை. மாடியில் அலுவலகம்.
பாரியேந்தோஸ் காபி கொடுத்தார்,
தாளை என் பக்கம் தள்ளினார்.
ஏழு லட்சத்து எண்பதாயிரம்.
அதன்மேல் பேனாவையும் வைத்தார்.

பதினோரு வருடம்
ஓட்டைத் தட்டிப் பார்த்தே
உள்ளே சதை இருக்கிறதா என்று சொன்னவள் நான்.
வாய் திறந்தது.
"எட்டு தொண்ணூறு" என்றது.
யாருடைய வாயோ.

"சரி" என்றார்.
சர்க்கரை போடவா என்றால் சொல்கிற சரி.
அதன் வேகத்தில்தான் தெரிந்தது
அறுபதாயிரம் பெசோ மேசைக்கடியில் உருண்டு போனது.
பன்னிரண்டால் பெருக்காதே
என்று சொல்லிக்கொண்டே பெருக்கினேன்.

எழுந்துவிடவில்லை.
பேனா முனையால் ஒவ்வொரு வரியாகத் தட்டினேன்.
சோதனைக்காலம், மூன்று மாதம். நிறைந்திருந்தது.
விடுமுறை, பதினைந்து நாள். நிறைந்திருந்தது.
ஏழாவது வரி:
மற்றும் நிர்வாகம் கூறும் இதர பணிகள்.
டொக்.
வெற்று ஓடு. எதை வேண்டுமானாலும் உள்ளே போடலாம்.

"எல்லா ஒப்பந்தத்திலும் உள்ளதுதான், யாஸ்னா.
வெறும் சம்பிரதாயம்."

பழைய ஆலையிலும் இருந்தது.
ஜூலை மாதம் ஐஸ் அறைக் குழாயைக்
கையுறை இல்லாமல் கழுவ வைத்தது
அந்தச் சம்பிரதாயம்தான்.
இதைச் சொல்லவில்லை.
இடது கையை எடுத்து மேசைமேல் வைத்தேன்,
அவ்வளவுதான்.

"இந்த வரி வேண்டாம்" என்றேன்.
இந்த முறை வாயை மூடினேன்.

தகரக் கூரைமேல் ஒரு கடற்காகம் நடந்துகொண்டிருந்தது.
காபியில் ஏடு படிந்தது.
அவர் தொண்டையைச் செருமினார்,
சாந்தியாகோவில் கேட்க வேண்டும் என்றார்,
வெளியே போனார்,
நாற்பது நிமிடம் வரவில்லை.
வந்து, நின்றபடியே அடித்தார்,
ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டார்.
கோட்டுக்கு அடியில் எழுத்துகள் இன்னும் தெரிந்தன.

தெருவில் கயிறு விறைத்து நின்றது.
எவ்வளவு? என்று நெவென்கா கேட்டிருந்தாள்.
எட்டு தொண்ணூறு என்று தட்டினேன். அழித்தேன்.
ஏழாவது வரி இல்லை என்று அனுப்பினேன்.
அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்தேன்.
ஒன்பது விரலுக்குக் குளிர்ந்தது.