வேலிகாத்தான்

பொழுது சாய்ந்ததும் எண்ணுகிறேன்.
கூண்டுக்குள் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து
விரல் மடக்கி,
கொடாப்பைத் தூக்கித் தாய்க்கோழியையும் சேர்த்து.
பதினெட்டு.
நேற்று பத்தொன்பது.

கீரியென்றால் ரத்தம் குடித்துவிட்டு
உடம்பைப் போட்டுவிட்டுப் போகும்.
மரநாயென்றால் தகரம் நகர்ந்திருக்கும்.
பருந்து பகல் திருடன்,
அது இறங்கும் முன்பே
கோழிகள் ஊரைக் கூட்டிவிடும்.
இது சத்தமில்லாமல் நடந்திருக்கிறது.
கிணற்றோரச் சேற்றில் ஒரு தடம்:
ரப்பர் செருப்பு, வலது கால்,
குதிகால் தேய்ந்தது.

பால் கணக்கு நோட்டின் பின்பக்கம்
எழுதி வைத்திருக்கிறேன்.
ஆடி நாலு, கீரி, பெட்டை ரெண்டு.
ஆடி பதினொன்று, சாரைப்பாம்பு, முட்டை ஆறு.
ஆடிப் பெருக்கு, செருப்பு, பெட்டை ஒன்று.
பெருக்கன்று பாலாற்றில்
டிராக்டர் மட்டும்தான் ஓடியது.

என் வீட்டுக்காரர் தனகோட்டிக்கு
ஆம்பூரில் ஷூ கம்பெனி.
சனிக்கிழமை கடைசி பஸ்ஸில்
பசை நாற்றத்தோடு வந்திறங்குவார்.
சோறு போடும் முன்பே
சேற்றில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.
"ஒம்போதாம் நம்பர்" என்றார்.
"வலப்பக்கம் சாஞ்சி நடக்கறவன்.
கனமா எதையோ தூக்கிப் பழகினவன்."
அவ்வளவுதான்.
திங்கள் விடியலில் கிளம்பிப் போய்விட்டார்
எனக்கு ஒரு குதிகாலைக் கொடுத்துவிட்டு.

அன்றிலிருந்து முகம் பார்ப்பதில்லை.
ரேஷன் கடை வரிசையில் குனிந்தே நிற்கிறேன்.
பள்ளிகொண்டா சந்தையில்
வெங்காயம் நிறுக்கிறவன் காலைப் பார்த்து
இடைத்தரகர் காலைப் பார்த்து
கூழ் வார்த்த அன்று கோயில் வாசலில்
குவிந்த செருப்புகளைக் காலால் புரட்டி...
பாதி ஊருக்கு வலது குதிகால் தேய்ந்திருக்கிறது.
எனக்கும்.

வேலியின் வடக்கு மூலையைத்தான்
அவர்கள் வெட்டியிருந்தார்கள்,
மணல் ஏற்றிய டிராக்டர் புகுந்து வெளியேற.
கடலைக் கொடி மேல் ரெண்டு டயர் கோடு.
அந்த வழியில் முதலில் டிராக்டர்,
பின்னாலேயே கீரி,
அதன் பின்னால் செருப்பு.
ஒரு சந்து கிடைத்தால்
யாரும் யாரையும் கேட்பதில்லை.

ஸ்டேஷனுக்குப் போனேன்.
டிராக்டர் நம்பர் கேட்டார்கள்.
ராத்திரி ரெண்டு மணிக்கு, விளக்கணைத்து வந்த டிராக்டருக்கு
நம்பர் ஏது என்றேன்.
"இன்னாம்மா, கோழியெல்லாம் வளக்கற போலகீது,
நாட்டுக்கோழியா?"
மறுநாள் விசாரணைக்கு வந்த பைக்
திரும்பும்போது பெட்ரோல் டேங்க் மேல்
கால் கட்டிய என் கொண்டைச் சேவல்
தலைகீழாகக் கூவிக்கொண்டு போனது.
எழுதினேன்:
ஆவணி ரெண்டு, புகார், சேவல் ஒன்று.

அப்புறம் நான் யாரிடமும் போகவில்லை.
வேலிகாத்தானை வெட்டி வந்தேன்
ஏரிக்கரையிலிருந்து, மூன்று நாள்,
தலைச்சுமையாக.
முழங்கை வரை கீறல்.
எவன் வைத்தானோ இந்தப் பேரை,
காத்த வேலியையெல்லாம் தின்றுவிட்டு
தானே வேலியாக நிற்கிற மரத்துக்கு.
டயர் கோட்டின் மேல் பரப்பி
அதன் மேல் கருங்கல் தூக்கி வைத்தேன்.
மிச்ச முள்ளைக்
கூண்டைச் சுற்றிச் செருகினேன்.
மீன் வலையைக் கூரையில் விரித்தேன்.

நேற்று ராத்திரி டிராக்டர் வந்தது.
நின்றது. உறுமியது.
யாரோ இறங்கினான்.
நான் டார்ச்சை ஏற்றவில்லை,
கடப்பாரையை மடியில் வைத்துக்கொண்டு
கதவுக்குப் பின்னால்
என் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன்.
ஒரு "அய்யோ".
பிறகு டயரிலிருந்து காற்று போகும் சத்தம்,
நிதானமாக,
பால் பொங்கி அடங்குவது போல.

விடிந்து பார்த்தால்
முள்ளில் மாட்டிக்கொண்டு ஒரு ரப்பர் செருப்பு.
ஒன்பதாம் நம்பர்.
இடது கால்.
குதிகால் புத்தம் புதுசாக இருந்தது.

சிரித்துவிட்டேன்.
கூண்டின் மேல் அதைக் கயிற்றில் கட்டித்
தொங்க விட்டிருக்கிறேன், திருஷ்டிக்கு.
கோழி பதினேழு.
வேண்டியவன்
கேட்டு வரட்டும்.