அரை மணிக் குத்தகை

பள்ளத்தூரில் அந்த வீட்டுக்கு
முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு இன்னொரு தெருவில்.
இடையில் நான், முந்நூறு அடி நீல வயரோடு.
விடிந்தால் கல்யாணம்.

"நெட் வரல" என்று முதலில் வந்தது
பினாங்கிலிருந்து வந்திறங்கிய வயிரவன்.
சுவரைத் தட்டிக் காட்டினேன்:
முட்டையும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசியது,
அலை முட்டித் திரும்பும்.
பொய்யில்லை. ஆனால் காரணம் அதுவல்ல.

புதிதாய் நுழையும் போன் முதலில் கத்தும்.
தனக்கென்று ஒன்றும் இல்லாததால்
பூஜ்யம் புள்ளி பூஜ்யம் புள்ளி பூஜ்யம் புள்ளி பூஜ்யம்
என்று தன்னைச் சொல்லிக்கொண்டு
ஊருக்கே கத்தும்: எண் கொடுப்பவர் இங்கே யார்?
மாடிப்படிக்கு அடியில் என் சின்னப் பெட்டி சொல்லும்:
நூற்று நாற்பத்தேழு இருக்கிறது, வேண்டுமா?
வேண்டும், அதையே கொடு.
சரி, எழுதிக்கொண்டேன்.
நாலே பேச்சு.
இசைபிடிமானம் இமைப்பதற்குள் முடிந்துவிடும்.
நாள் பார்ப்பதில்லை, சாட்சி கேட்பதில்லை.

பெட்டியிடம் இருந்ததோ இருநூற்று ஐம்பத்துமூன்று.
வந்தவர்கள் அறுநூறு பேர்,
ஆளுக்கு ஒன்றரை போன்.

பட்டியலைத் திறந்தேன்.
சாயங்காலமே தாம்பூலம் வாங்கிக்கொண்டு
குன்றக்குடிக்குப் போய்விட்ட வேன் டிரைவர்,
இலை போட்டுவிட்டு வீடு திரும்பிய பையன்கள்,
பூக்காரர், பந்தல்காரர்,
யாரோ ஒரு 'ரெட்மி ஒன்பது':
இல்லாதவர்கள் பெயரில் நூற்றுப்பத்து எண்.
நாளைச் சாயங்காலம் வரை அவர்களுடையது.
குத்தகை அப்படி.

வீடியோக்காரர் லேப்டாப் பதிலுக்குக் காத்து அலுத்து
தனக்குத் தானே ஓர் எண் சூட்டிக்கொண்டது,
நூற்று அறுபத்தொன்பதில் தொடங்கும் எண்.
பார்த்தால் முகவரி மாதிரியேதான்.
அதை வைத்துக்கொண்டு வாசல் தாண்ட முடியாது.

இன்னொரு பெட்டி வைக்கலாம் என்றால் பிளக் வேண்டும்.
வளவைச் சுற்றிப் பத்து அறை, எட்டில் பூட்டு.
சாவிக்கொத்தும் மொய் நோட்டுமாய் வந்த தேனம்மைக்கு
என் வயதுதான் இருக்கும், ஆடிட்டராம்.
"அதெல்லாம் வேற புள்ளிக்கு உள்ளது" என்றாள்.
புள்ளியா?
"கல்யாணம் ஆனா ஒரு ஜோடி ஒரு புள்ளி. கோயில் கணக்குல."
ஒரு அறை டொரான்டோ புள்ளிக்கு.
ஒன்று இபோவுக்கு.
மூலை அறை யாருக்கென்று
சொல்லத் தெரிந்தவர் இப்போது இல்லையாம்.
ஆனாலும் பூட்டுக்கு எண்ணெய் போடுகிறார்கள்.

அவள் தலைக்கு மேலே பலகையில் விலாசம்:
மு. அரு. சித. வீர.
நாலு துண்டு, நடுவில் புள்ளிகள்.
முதல் மூன்றும் வீட்டைச் சொல்லும், கடைசிதான் ஆள்.
எங்கள் தொழிலிலும் அதேதான் என்றேன்.
"அப்படியா" என்று
கந்தரப்பத் தட்டை நீட்டினாள்.

குத்தகையை அரை மணியாகக் குறைத்து
பெட்டியை அணைத்துப் போட்டேன்.
பழைய கணக்கு அழிந்தது.
மூச்சுவிடும் நேரம் யாரிடமும் ஒன்றுமில்லை.
பிறகு அத்தனையும் ஒரே நேரத்தில் கத்தின:
மணமகனின் போன், தவில்காரரின் போன்,
அண்டா கழுவும் செங்கமலத்தின் கீறல் விழுந்த போன்.
முதலில் கேட்டதற்கு முதலில்.
செங்கமலத்துக்கு இரண்டு. வயிரவனுக்கு எண்பத்தாறு.
யாருக்கும் அது தெரியாது.
போய்விட்டவர்கள் மட்டும் கேட்கவில்லை.

பூட்டிய அறைகளைப் பற்றி
எனக்கு யோசனை ஒன்றும் இல்லை.
என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை.

தாலி கட்டும்போது பினாங்கில் படம் நிற்காமல் ஓடியது.
கெட்டிமேளத்துக்குள் வயரைச் சுருட்டினேன்.
வாசலில் செக்யூரிட்டி நோட்டில் பெயர் எழுதச் சொன்னார்.
ஜ. சகாயராணி, தேவகோட்டை.
என் விலாசத்தில் ஒரே புள்ளி.

கோட்டையூர் தாண்டும்போது மணி பார்த்தேன்.
கிளம்பி அரை மணி ஆகியிருந்தது.
நேற்றிரவு முழுக்க என்னுடையதாயிருந்த பதினொன்று
இந்நேரம் வேறு யாருக்கோ.