எண்ணெய் குடிக்காத சொல்

வாரத்துக்கு ஒரு சொல்.
அதை நாங்கள் தேர்ந்தெடுப்பதில்லை.
பெரிச்சிபாளையம் முக்கில்
ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்
மொளகா பஜ்ஜி மடித்துத் தரும் செய்தித்தாளில்
எண்ணெய் குடிக்காமல் விட்ட முதல் சொல்.
அவ்வளவுதான் சட்டம்.
தின்று முடித்து, விரலைத் துடைத்து,
லைட்டுக்கு நேரே பிடித்து வாசிப்பாள் சுகந்தாமணி,
கோர்ட்டில் தீர்ப்புச் சொல்வதுபோல.

அட்டைக்குப் பஞ்சமில்லை.
காலாவதியான ஷேடு கார்டு,
சட்டைக்குள் விறைப்புக்கு வைக்கிற அட்டை,
பெயர் தப்பாக அச்சான டேக்.
உள்ளங்கை அகலத்துக்கு வெட்டிக்கொள்வோம்.
பசைக்குக் கஞ்சி.
நிறம் வேண்டுமென்றால்
கட்டிங் மேசைக்கடியில் குனிந்தால் போதும்.
ஜெர்மனிக்காரன் வேண்டாமென்ற ஊதா
இந்த வருஷம் முழுக்க எங்களுடையது.

லைன் வீட்டில் ஒரு அறை, மூன்று பாய்.
நான் செக்கிங். சுகந்தாமணி ஓவர்லாக்.
சஞ்சுக்தா கைமடி, ஒடிசாக்காரி,
தமிழ் காதில் ஏறும், கண்ணில் ஏறாது.

முதல் வாரம் 'தவணை'.
குழுக்கடன் அட்டைபோலப் பன்னிரண்டு கட்டம்
தைக்கப் பார்த்தேன்.
பதினொன்றில் நூல் தீர்ந்தது.
நிஜமாகவே தீர்ந்தது.
சுகந்தாமணி ஒரு தோட்டை வரைந்தாள்,
காதை வரையவில்லை.
சஞ்சுக்தாவின் அட்டையில்
பச்சை ரிப் துணியில் ஒரு தவளை.
அடியே, ணை. ளை இல்ல.
சிரித்து முடிக்க அரைமணி ஆனது.
பிறகு பார்த்தால்
அது உட்கார்ந்திருக்கிற விதம்.
தாவப் போகிறதா, தாவிக் களைத்ததா,
தெரியவில்லை.
ஏழாம் தேதி வசூலுக்கு வருகிற பைக் சத்தம் கேட்டால்
எனக்கு இப்போது அந்தத் தவளைதான்.

மூன்றாவது வாரமோ நாலாவதோ, 'ஆறு'.
நான் நொய்யல். வேறென்ன.
பாலத்தில் நின்று பார்த்த நிறத்துக்குத்
துணி தேடினேன்,
கிடைத்தது, அதுவும் நாலு ஷேடில்.
சுகந்தாமணி ஆறு பொத்தான் தைத்தாள்.
ஐந்துக்கு ரெண்டு ஓட்டை, ஒன்றுக்கு மட்டும் நாலு.
"எங்கூட்ல ஆறு பேரு கண்ணு,
அம்மாவுக்குத்தான் நாலு பக்கமும் இழுப்பு."
சஞ்சுக்தா டீ கிளாசை
அட்டைமேல் வைத்து எடுத்தாள்.
வட்டமாய் ஒரு கறை, வேறொன்றுமில்லை.
"நீங்கதான் சொல்றீங்க தெனமும்.
சஞ்சு, குடி, ஆறுது."

ஷிப்மெண்ட் வாரத்தில் 'மாவட்ட' என்று வந்தது.
அதை வைத்து என்ன செய்ய?
மூன்று அட்டையும் வெறும் அட்டை.
தேதி போட்டு
அதையும் பிஸ்கட் டப்பாவில் வைத்தோம்.

நேற்று 'குறை'.
ரெண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.
என் பொழைப்பே அதுதானுங்களே.
ஊசி ஓட்டை, எண்ணெய்ச் சொட்டு, விட்டுப்போன தையல்,
இங்கே பார் இங்கே பார் என்று
சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது.
வீட்டுக்கு வந்தால் முழங்கையில் ரெண்டு,
துப்பட்டாவில் ஒன்று.
காங்கேயத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள்
போன பிறகு
என் பின்கழுத்தில் ஒன்று இருந்ததாம்.
சுகந்தாமணி எடுத்துப் போட்டுவிட்டாள்.
எட்டு மாசம் கழித்துத்தான் சொன்னாள்.

அட்டையை முன்னால் வைத்துக்கொண்டு
பதினொரு மணிவரை உட்கார்ந்திருந்தேன்.
எதை ஒட்டினாலும் வேலைக்குப் போன மாதிரியே இருந்தது.
கடைசியில் ஒரே ஒரு அம்பு,
ஓரத்தில்,
முனை அட்டைக்கு வெளியே பார்க்க.

"எதக் காட்டுது?"
சஞ்சுக்தா கேட்டாள்.
அது காட்டுகிற பக்கம் பாய் இருந்தது,
அப்புறம் சுவர்,
சுவருக்கு அந்தப்பக்கம் ஓனர் வீட்டு மோட்டார் ரூம்,
அதற்கும் அப்பால் எனக்குத் தெரியாது.
தெரியலை என்றேன்.

அவள் கொஞ்சநேரம் அட்டையையே பார்த்துவிட்டு
நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டாள்,
அம்புக்கு வழி விட்டு.