பேங்கர், பென்சில்வேனியா

துணி துவைக்கத்தான் கிளம்பினோம்.
பின்சீட்டில் இரண்டு மூட்டை அழுக்கு,
பொற்கொடியின் பையில் கால் டாலர் சில்லறை.
லாண்ட்ரோமேட் வாசலில் நிறுத்தாமல்
நேராக விட்டேன் வண்டியை.
ஏனென்று அவள் கேட்கவில்லை.

எண்பதாம் நெடுஞ்சாலையில் மேற்கே.
நேற்று மாலை
பதினோரு நிமிட வீடியோ அழைப்பில்
அவள் வேலையை எடுத்துக்கொண்டார்கள்.
அதைப் பேசாமலிருக்க
எவ்வளவு தூரம் ஓட்ட வேண்டுமோ
அவ்வளவு பெட்ரோல் இருந்தது.

டெலவேர் ஆற்றைத் தாண்டி, மலையிறங்கி
ஒரு சின்ன ஊர்.
பேங்கர் என்றது பலகை.
"கடன் குடுப்பாங்களா?" என்றாள்.
அன்று அவள் பேசிய முதல் வாக்கியம்.

வேல்ஸிலிருந்து வந்தவர்கள்
குழி வெட்டிக் கல்லெடுத்த ஊர்.
கூரையில் சிலேட்டு, படியில் சிலேட்டு,
தேவாலயத்தின் பின்னே
செத்தவர் தலைமாட்டிலும் சிலேட்டு.
வாசல் வளைவில் அவர்கள் மொழியில் ஒரு வரி.
இரட்டை எல்லில் தொடங்குகிறது;
நாக்கை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
என் பெயரின் ழகரத்தில் இடறி நிற்கும்
மேனேஜரின் முகம்
அந்த ஒரு நிமிடம் எனக்கு வாய்த்தது.

சந்தையென்றால் ஒன்பது கூடாரம்.
வெங்காயத்தாளுக்கு அண்ணன் மாதிரி லீக்ஸ்.
"இதுல சாம்பார் வைக்கலாமா?"
தெரியாமலே ஒரு கட்டு வாங்கினோம்.
திராட்சை பதித்த வட்டக் கேக் இரண்டு.

கடைசிக் கூடாரத்தில் டெர்ரி ப்ரோபர்ட்.
இடித்த வீடுகளின் கூரைக்கல்,
ஒன்று ஐந்து டாலர்.
வளைவிலிருந்த வரிக்கு அர்த்தம் கேட்டேன்.
தோளைக் குலுக்கினார்:
"எங்கப்பாவுக்கே தெரியாது.
ஆனா இந்தக் கல்லு ஒழுகாது."

இருபது கால் டாலரை
ஒவ்வொன்றாக எண்ணி வைத்தாள் பொற்கொடி.
கூடவே ஒரு பழைய ஆணி கேட்டு வாங்கி
நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து
கல்லில் கீறினாள்: 60.
வேறு வேலை கிடைக்காவிட்டால்
இந்த நாட்டில் அவளுக்கு மிச்சமுள்ள நாள்.

பார்த்துக்கொண்டே இருந்தவள்
விரலில் எச்சில் தொட்டு அழித்தாள்,
ஒன்றாம் வகுப்பில் எல்லோரும் அழித்ததுபோல.
கல் கறுத்து மினுங்கியது.
எண்ணைக் காணோம்.

கேக் தின்றோம்.
தின்று முடிப்பதற்குள் வெயில் வந்துவிட்டது.
காயக் காய
முதலில் சுழியின் வயிறு,
பிறகு ஆறின் வால்
மெல்ல வெளுத்துத் தெரிந்தது.
"ஆணிக் கீறல். போகாது போல" என்றேன்.
"ம்."
மறுபடி நனைத்தாள்.

திரும்பும்போது கல் அவள் மடியில்,
தண்ணீர் பாட்டில் பாதி காலி.
அழுக்குத் துணியெல்லாம் லீக்ஸ் வாசனை.
பாலம் வந்ததும் சொன்னேன்,
"நாளைக்குத் துவைச்சுக்கலாம்."

"நாளைக்கு ஐம்பத்தொம்போது" என்றாள்.
சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்,
மூக்கைத் துடைத்தபடி.
"அதோட, சில்லறையும் இல்ல."